சுகர் சென்சார் ஒட்டிய இடத்தில் அரிப்பா? 'வேர்க்குரு'ன்னு விட்டுடாதீங்க... எரிச்சலா, அலர்ஜியா எனக் கண்டுபிடிப்பது எப்படி?

கையில் ஒன்றை ஒட்டிவிட்டால் 14 நாட்களுக்கு விரலில் ஊசி குத்த வேண்டியதில்லை. மொபைலை அருகில் கொண்டுபோனாலே சர்க்கரை அளவு திரையில் வந்துவிடும். சாப்பிட்ட இட்லிக்கு எவ்வளவு ஏறியது, ராத்திரி தூக்கத்தில் எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் கோடு போட்டுக் காட்டிவிடும். சிஜிஎம் எனப்படும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு சென்சார்களை நம்ம ஊரிலும் இப்போது பலரது கைகளில் பார்க்க முடிகிறது. ஆனால், ஒட்டிய மூன்றாவது நாளே அந்த இடத்தில் அரிப்பு எடுக்க ஆரம்பித்தால்?

பெரும்பாலானோர் சொல்லும் முதல் பதில், "வெயிலுக்கு வேர்க்குரு போட்டிருக்கும்" என்பதுதான். இரண்டாவது பதில், "சில ஆயிரம் ரூபாய் குடுத்து வாங்கினது, 14 நாள் முடியட்டும், பொறுத்துக்கலாம்". இந்த இரண்டு பதில்களும்தான் சில பேருக்குப் பின்னாளில் சென்சாரையே பயன்படுத்த முடியாத நிலையைக் கொண்டுவந்து விடுகின்றன. ஏன் என்று பார்ப்போம்.

தோலுக்குள் போவது கொஞ்சம்... தோல் மேல் இருப்பதுதான் அதிகம்

சென்சார் என்றதும் உள்ளே போகும் ஊசியைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒட்டும்போது மட்டும்தான் ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும். தோலுக்கு அடியில் தங்குவது முடி போன்ற மெல்லிய, வளையக்கூடிய ஓர் இழை. ரத்தத்தில் இல்லை, செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அது அளக்கிறது. அரிப்புக்கும் தடிப்புக்கும் பெரும்பாலும் இந்த இழை காரணமில்லை. வெளியே வட்டமாகத் தெரிகிறதே அந்த பிளாஸ்டிக் வில்லை, அதன் அடியில் உள்ள பசைப் பட்டை, இவைதான் சந்தேகப் பட்டியலில் முதலில் வருபவை.

ஸ்டிக்கர் பொட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் வைத்து இரவில் எடுத்துவிடும் அந்தச் சின்னப் பொட்டுப் பசையே சிலருக்கு நெற்றியில் அரிப்பையும், நாளடைவில் வெள்ளைத் தழும்பையும் உண்டாக்கிவிடுகிறது. நம் நாட்டுத் தோல் மருத்துவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான பிரச்னை. சென்சாரோ அதைவிடப் பல மடங்கு பெரிசு. ஒரே இடத்தில் 10 முதல் 15 நாட்கள் வரை, குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாமல் இருக்கிறது. அதன் அடியில் வியர்வை வெளியேற வழியில்லை. 14 நாள் முடிந்ததும் அடுத்தது. அது முடிந்ததும் இன்னொன்று. வருடக்கணக்கில் இப்படியே தொடரும்போது தோல் எதிர்ப்புக் காட்டுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ரெண்டும் அரிக்கும்... ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை

சென்சார் ஒட்டிய இடத்தில் வரும் தடிப்புகளை மருத்துவர்கள் முக்கியமாக இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது எரிச்சல். வியர்வை தேங்குவது, பசை இழுப்பது, உராய்வது, பட்டையைப் பிய்த்து எடுக்கும்போது மேல்தோல் உரிவது போன்றவற்றால் தோல் காயப்படுவதுதான் இது. யாருக்கு வேண்டுமானாலும் வரும். தடிப்பு பெரும்பாலும் பட்டை இருந்த வட்டத்துக்குள்ளேயே நிற்கும். அரிப்பைவிட எரிச்சலும் காந்தலும் தெரியும். சென்சாரை எடுத்துவிட்டால் ஓரிரு நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே, அடங்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது அலர்ஜி. இதில் பசையிலோ பிளாஸ்டிக்கிலோ உள்ள குறிப்பிட்ட ஒரு ரசாயனத்தை உடலின் எதிர்ப்பு சக்தி எதிரியாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. அடையாளம் காணக் கொஞ்சம் காலம் எடுக்கும். அதனால்தான் முதல் சில சென்சார்கள் எந்தத் தொந்தரவும் கொடுக்காது. 'ஆறு மாசமா நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப மட்டும் என்ன?' என்று பலரும் குழம்புவது இங்கேதான். ஆறு மாதம் நன்றாக இருந்தது என்பது அலர்ஜி இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் பிறகு வேகம் கூடிவிடும். முதலில் பத்தாம் நாள் அரித்தது, அடுத்த சென்சாரில் ஐந்தாம் நாளே அரிக்கும், அதற்கடுத்ததில் இரண்டாம் நாளே. தடிப்பு பட்டையின் விளிம்பைத் தாண்டிப் பரவும். நீர் கோத்த சிறு கொப்புளங்கள் வரலாம், உடைந்து கசியலாம். சென்சாரை எடுத்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் ஆறாமல் நிற்கும். முக்கியமாக, இந்த ஞாபகத்தை உடல் பொதுவாக மறப்பதில்லை. பொறுத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டே இருந்தால் பழகிவிடும் என்ற கணக்கு இங்கே தலைகீழாகத்தான் வேலை செய்யும்.

நம்முடைய நிறத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இணையத்தில் தேடினால் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. பளிச்சென்ற சிவப்பு வட்டம் அதில் தெரியும். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்தது போலவோ இருக்கும். 'சிவக்கலையே, அப்போ ஒண்ணுமில்ல' என்று விட்டுவிடக் கூடாது. கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் விரலால் தடவிப் பாருங்கள். மேடாக, சொரசொரப்பாக, சூடாக இருக்கிறதா என்பது நிறத்தைவிட நல்ல அடையாளம். ஆறிய பிறகு கரும்படலம் மாதக்கணக்கில் நிற்பதும் நம் தோலில் சகஜம். அது அலர்ஜி தொடர்கிறது என்பதற்கான அறிகுறி இல்லை. அரிப்பும் மேடும் போய்விட்டதா என்பதைப் பார்த்தால் போதும்.

பெல்ஜியத்தில் சிக்கிய ரசாயனம்

இந்த அலர்ஜிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது ஒரு துப்பறியும் கதை மாதிரிதான் நடந்தது. அபோட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் 2014-இல் ஐரோப்பாவில் அறிமுகமானது. பயன்பாடு பெருகப் பெருக, கையில் தடிப்போடு தோல் மருத்துவர்களைத் தேடி வருவோரும் பெருகினார்கள். வழக்கமான பசைகளில் உள்ள ரசாயனங்களை வைத்துச் சோதித்தால் விடை கிடைக்கவில்லை.

ஆன் ஹெர்மான், ஒலிவியர் ஏர்ட்ஸ் உள்ளிட்ட பெல்ஜிய மருத்துவர்கள், ஸ்வீடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து சென்சாரையே பிரித்து ஆராய்ந்தார்கள். 2017-இல் அவர்கள் வெளியிட்ட பெயர், ஐசோபோர்னைல் அக்ரிலேட். இதில் சுவாரசியம் என்னவென்றால், அந்த ரசாயனம் தோலில் ஒட்டும் பசையில் சேர்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. சென்சாரின் மேல்மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் இடத்தில்தான் அது அதிகமாக இருந்தது. அங்கிருந்து மெல்ல மெல்ல ஊடுருவி, பட்டையைக் கடந்து தோலைத் தொட்டிருக்கிறது. அதாவது குற்றவாளி தோலோடு ஒட்டியே இல்லை, மாடியில் குடியிருந்திருக்கிறது.

இன்சுலின் பம்பின் குழாய் செட்டில் இதே ரசாயனத்தால் அலர்ஜி வந்ததாக 1995-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருந்தது என்பது கூடுதல் தகவல். 2020-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் ஐசோபோர்னைல் அக்ரிலேட்டை அந்த ஆண்டின் 'அலர்ஜன்' ஆக அறிவித்தது. அதே காலகட்டத்தில் வந்த லிப்ரே 2 சென்சாரில் அந்த ரசாயனம் இல்லை என ஐரோப்பிய மருத்துவர்கள் தெரிவித்தார்கள்.

அத்தோடு கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. வேறு சென்சார்களிலும் பம்ப் செட்களிலும் டைமெத்தில் அக்ரிலமைடு, சூப்பர் குளூ வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட், பைன் மரப் பிசினிலிருந்து வரும் கோலோபோனி என்று பல பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. கோலோபோனி சாதாரண காயப் பிளாஸ்திரிகள் சிலவற்றிலும் உண்டு. நிறுவனங்கள் முன்னறிவிப்பு இல்லாமலேயே பசையை மாற்றுவதும் நடக்கிறது. நேற்று வரை ஒத்துக்கொண்ட அதே பிராண்டு இன்று ஒத்துக்கொள்ளாமல் போக இதுவும் ஒரு காரணம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டில்கூட என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அச்சடித்திருக்கிறது. இரண்டு வாரம் உடம்போடு ஒட்டியிருக்கும் கருவியின் அட்டைப்பெட்டியில் அந்த முழுப் பட்டியல் இருப்பதில்லை. பட்டியலை வெளியிட வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள்.

ஒட்டுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

முதல் வகையான எரிச்சலைப் பெருமளவு தடுத்துவிட முடியும். அதில் பாதி வேலை சென்சார் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

சென்சார் ஒட்டப் போகும் இடத்தை வாசனை இல்லாத, மாய்ஸ்சரைசர் சேர்க்காத சாதாரண சோப்பால் கழுவித் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், பாடி லோஷன், பவுடர் எதுவும் அன்றைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் ஓரம் கிளம்பும், கிளம்பிய ஓரத்தில் அழுக்கும் வியர்வையும் சேரும், அதை அழுத்த மேலே இன்னொரு டேப் ஒட்டுவோம். தொல்லை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தானாகக் காயவிட வேண்டும். இந்தக் காயவிடும் வேலையைத்தான் நிறைய பேர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஈரம் காயாத ஸ்பிரிட்டைப் பட்டைக்கு அடியில் போட்டு மூடினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வாயால் ஊதுவதும் வேண்டாம்.

குளித்துவிட்டு வந்த கையோடு ஒட்டுவதையும் தவிர்க்கலாம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் குளித்து வெளியே வந்ததுமே மறுபடி வியர்க்கத் தொடங்கிவிடும். ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுவது நல்லது. கையில் முடி அதிகம் இருந்தால் ஒட்டச் சற்று முன்பு பிளேடால் மழிக்காமல், கத்தரியாலோ டிரிம்மராலோ வெட்டிவிடலாம். மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும்.

இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தமுறை இடது கை என்றால் அடுத்தமுறை வலது கை. அதே கைக்குத் திரும்பி வரும்போதும் பழைய வட்டத்தின் மேலேயே ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கையில் ஒட்டினீர்கள் என்று காலண்டரில் குறித்து வைத்தாலே போதும். பின்னாளில் டாக்டரிடம் போக நேர்ந்தால் அந்தக் குறிப்புதான் முதல் ஆதாரம். தழும்பு, மச்சம், இன்சுலின் போட்டுப் போட்டுக் கட்டியான இடம், இன்னும் ஆறாத பழைய தடிப்பு ஆகியவற்றின் மேல் ஒட்டக் கூடாது. 'கை பூரா தடிச்சுப்போச்சு, வயித்துல ஒட்டிக்கிறேன்' என்று சிலர் சுயமாக முடிவெடுக்கிறார்கள். எந்த இடத்துக்கு அனுமதி பெறப்பட்டதோ அங்கே ஒட்டினால்தான் காட்டும் அளவை நம்ப முடியும். லிப்ரே வகைக்கு அது மேல்கையின் பின்புறம்.

தோலுக்கும் பசைக்கும் நடுவே ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும் ஸ்பிரே, துடைப்பான் வடிவில் தடுப்புப் படலங்கள் கிடைக்கின்றன. ஸ்பிரிட் சேர்க்காத, எரியாத வகையாகப் பார்த்து வாங்கலாம். தடவி, முழுக்கக் காய்ந்த பிறகே சென்சார் ஒட்ட வேண்டும். உரிவதால் வரும் காயத்தை இது நன்றாகவே குறைக்கும். ஆனால் அலர்ஜியை இது தடுத்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது. பட்டையையே ஊடுருவி வந்த ரசாயனத்துக்கு இந்த மெல்லிய படலம் பெரிய தடையில்லை. புண்ணுக்குப் போடும் ஹைட்ரோகொலாய்டு என்ற சற்றுத் தடிமனான பட்டையை அடியில் வைப்பது சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. எல்லோருக்கும் தரவில்லை. இழை உள்ளே போகும் ஆழமும் அதனால் மாறக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். மூக்கில் அடிக்கும் புளூட்டிகசோன் ஸ்பிரேயைத் தோலில் அடித்துவிட்டு ஒட்டும் யோசனை யூடியூப் வரை வந்துவிட்டது. வெளிநாட்டு மருத்துவர்கள் சிலர் இதைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அது ஸ்டீராய்டு. அந்த மருந்து அதற்காக அனுமதி பெற்றதும் இல்லை.

ஓரம் கிளம்பினால் மேலே ஒட்டுவதற்கென்றே தனிப் பட்டைகள் இருக்கின்றன. வீட்டில் கிடக்கும் துணிப் பிளாஸ்திரியைச் சுற்றிவிடுவது புதிதாக ஒரு பசையை, சில சமயம் கோலோபோனியையே, தோலுக்கு அறிமுகப்படுத்தும் வேலை. லிப்ரே மாதிரி நடுவில் சிறு துளை உள்ள சென்சார் என்றால் அந்தத் துளையை மூடிவிடக் கூடாது.

எடுக்கும்போதுதான் பாதிக் காயமே

14 நாள் முடிந்ததும் ஒரே இழுப்பில் பிய்த்துப் போடுவது பலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் பசையோடு மேல்தோலின் ஒரு படலமும் சேர்ந்து வந்துவிடும். ஒட்டும்போது விலக்கி வைத்த தேங்காய் எண்ணெய்க்கு இப்போதுதான் வேலை. ஓரத்தில் எண்ணெயோ பேபி ஆயிலோ விட்டுச் சில நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பட்டையை மேல்நோக்கி இழுக்காமல், தோலோடு படிந்தவாறு மெதுவாகப் பின்னோக்கி மடக்கி எடுங்கள். மிச்சமிருக்கும் பிசுபிசுப்பைச் சுரண்டாமல் அதே எண்ணெயால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவிவிடலாம். அந்த இடம் ஓய்வெடுக்கும் நாட்களில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுவது நல்லது.

வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது இன்னும் முக்கியம். இருவருக்குமே தோல் மெல்லியது. 'எரியுது, வேண்டாம்' என்று குழந்தை அழுதால் அடம் என்று நினைக்காமல் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கு நள்ளிரவில் சர்க்கரை திடீரென இறங்கும்போது அலாரம் அடித்துப் பெற்றோரை எழுப்பும் வசதி சில சென்சார்களில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பசை ஒத்துக்கொள்ளாமல் போவது வெறும் தோல் பிரச்னை இல்லை, வீட்டின் தூக்கமே போகிற விஷயம். இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதில் சென்சார் வாங்க வசதி உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களும் தடிப்புக்குப் பயந்து விட்டுவிடக் கூடாது.

தடிப்பு வந்துடுச்சு... இப்போ என்ன பண்றது?

லேசான அரிப்பு, வட்டத்துக்குள்ளேயே நிற்கிறது என்றால் கவனித்தபடி தொடரலாம். அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது, கொப்புளம் வருகிறது, வட்டத்தைத் தாண்டுகிறது என்றால் நாள் மிச்சமிருக்கிறதே என்று பார்க்காமல் சென்சாரை எடுத்துவிட வேண்டும். பணம் போச்சே என்ற வருத்தம் நியாயம்தான். ஆனால் பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ரசாயனம் உடலுக்கு இன்னும் நன்றாக அறிமுகமாகிறது. எடுத்த பிறகு பழைய குளுக்கோமீட்டருக்குத் திரும்பி, விரலில் குத்திப் பார்ப்பதைத் தொடர வேண்டும். சென்சார் இல்லை என்பதற்காக சர்க்கரை பார்ப்பதையே நிறுத்திவிடுவது ஆபத்து.

சீழ், வலி, வீக்கம், காய்ச்சல் இருந்தால் அது அலர்ஜியைத் தாண்டிக் கிருமித் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும் என்பதால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் எதுவும் அதன் மேல் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட் குடுங்க' என்று கேட்டால் கிடைக்கும் ட்யூப்களில் பலவும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்தவை. தடவினதும் அரிப்பு அடங்கும், நாள்பட்டால் தோல் மெலியும். அதில் சேர்க்கப்படும் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தானே ஓர் அலர்ஜி உண்டாக்கி. தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் தடவும் ஸ்டீராய்டு க்ரீம் வேறு விஷயம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டு, மூன்று சென்சார்களில் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்வதுதான் சரியான வழி. போகும்போது கழற்றிய சென்சாரைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியும், தடிப்பை நாளுக்கொன்றாக எடுத்த போட்டோக்களும், காலண்டர் குறிப்பும் கூடவே இருக்கட்டும். ஸ்டிக்கர் பொட்டு, பிளாஸ்திரி, ஜெல் நெயில் பாலிஷ், பல் சிகிச்சை இவற்றில் எதற்காவது முன்பு அலர்ஜி வந்திருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும். ஜெல் பாலிஷிலும் பல் அடைக்கும் பொருட்களிலும் இருப்பவை அக்ரிலேட்டின் நெருங்கிய சொந்தக்காரர்கள்தான்.

வழக்கமான பேட்ச் டெஸ்ட் வரிசையில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் இல்லாமல் போகலாம். அப்போது ரிசல்ட் 'நெகட்டிவ்' என்றே வரும். அதனால் சென்சாரில் சந்தேகிக்கப்படும் ரசாயனங்களும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. எந்த ரசாயனம் என்று தெரிந்துவிட்டால் அது இல்லாத வேறு பிராண்டுக்கு மாறலாம். அமெரிக்காவில் தோலுக்கு அடியிலேயே பொருத்திவிடும் எவர்சென்ஸ் என்ற வகையும் 2018 முதல் அனுமதி பெற்றிருக்கிறது. அதற்கும் மேலே ஒரு கருவி ஒட்ட வேண்டும், ஆனால் அந்தப் பட்டை சிலிகான் பசை கொண்டது, தினமும் மாற்றிவிடலாம்.

பேட்ச் டெஸ்ட்டில் சந்தேகப்படும் பொருட்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் அளவில் மறுபடி பார்ப்பார்கள். சில எதிர்வினைகள் தாமதமாக வரும் என்பதால் ஏழாம் நாளும் ஒருமுறை வரச் சொல்லலாம். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்க வியர்க்க வேலை செய்யக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும், ரிசல்ட் மறைந்துபோக வாய்ப்புண்டு. சித்திரை வெயிலில் முதுகில் தண்ணீர் படாமல் இத்தனை நாள் இருப்பது கஷ்டம். அவசரமில்லை என்றால் மார்கழி, தை மாதங்களில் தேதி வாங்கிக்கொள்ளலாம்.